நானா கடை விலாசம்

1

எங்கள் அலுவலகத்தில் யாராவது ஒரு வழக்கை வென்றால் மறுநாள் கேக் வாங்குவார்கள். போன நவம்பரில், பனி கொட்டத் தொடங்கிய வாரத்தில், எனக்கும் ஒன்று வந்தது. மேலே என் பெயரை எழுதி, அதில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தார்கள். பன்னிரண்டு வருடமாக இவர்கள் யோகேஸ்வரியைச் சரியாக எழுதியதில்லை. நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கழிவறைக்குப் போய் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்திருப்பார்கள். அதுவல்ல என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இலங்கையின் தேயிலை மலைநாட்டில், வட்டவளைப் பக்கம் இதைப் படிக்கிற யாருக்காவது நான் யார் வீட்டுப் பிள்ளை என்று பிடிபட்டால் பிடிபடட்டும்.

முதலில் என் தொழில். கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில் நான் அரச சட்டத்தரணி. வேலை கொடுக்கும்போதும் வீடு வாடகைக்கு விடும்போதும் ஆளின் நிறம், வம்சம், மதம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. அதை மீறுகிறவர்களைத் தீர்ப்பாயத்துக்கு இழுத்து வருவது என் வேலை. அம்மா உயிரோடு இருந்தபோது இதை எவ்வளவோ விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியென்றால் நீ நம் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மாதிரி, என்ன, கோட்டுப் போட்டுக்கொண்டு போகிறாய் என்றார். அதைவிடச் சுருக்கமாக என் வேலையை இதுவரை யாரும் சொன்னதில்லை.

கோட்டுப் போட்டும் சில பழக்கம் போகவில்லை. எங்கள் மேலதிகாரி நல்ல மனிதர், கதவை எப்போதும் திறந்தே வைத்திருப்பார். நான் போனால் நிலைப்படியில் நின்றுதான் பேசுவேன். உள்ளே வந்து உட்காரும்படி அவர் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆபிசுக்குள் தொழிலாளி கால் வைப்பதில்லை, வெளியே ஜன்னல் பக்கம் நின்றுதான் கிளாக்கரிடம் பேச வேண்டும் என்பதை இவருக்கு நான் எந்த மொழியில் சொல்வது? எனக்கு முதுகுவலி, நிற்பதுதான் சுகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பாவம், பிறந்தநாளுக்கு முதுகுக்கு வைக்கும் தலையணை ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

2

வென்ற வழக்கு இதுதான். பெயர்களைச் சொல்லக் கூடாது, அதனால் அவளை வடக்குப் பெண் என்றே சொல்கிறேன். வடக்கே, இந்த நாட்டின் ஆதிக்குடிகளுக்கென்று ஒதுக்கிய நிலத்தில் பிறந்தவள். அங்கே வீடுகளுக்கு இலக்கம் இல்லை, தெருவுக்குப் பெயர் இல்லை. கடிதமெல்லாம் பொதுவான ஓர் இடத்துக்கு வரும். விலாசம் என்று கேட்டால் ஒரு பெட்டி இலக்கம்தான். அவளும் அவள் சித்தி மகளும் ஒன்றாகப் படித்து, ஒரே சான்றிதழ் வாங்கி, நகரத்தில் ஒரு ஹோட்டல் வேலைக்கு ஒரே நாளில் விண்ணப்பித்தார்கள். சித்தி மகள் நகரத்தில் இருக்கும் ஒரு சொந்தக்காரியின் விலாசத்தைப் போட்டாள். அவளைக் கூப்பிட்டார்கள், வேலையும் கொடுத்தார்கள். வடக்குப் பெண் தன் ஊர்ப் பெட்டி இலக்கத்தைப் போட்டாள். அவளுக்கு ஒரு வரிகூட வரவில்லை.

சில மாதம் கழித்து, பின்னறையில் ஒரு கட்டு விண்ணப்பங்கள் தனியாகக் கிடப்பதைச் சித்தி மகள் பார்த்திருக்கிறாள். எல்லாம் பெட்டி இலக்கம் போட்டவை. பிரிக்கவே இல்லை. அவள் அன்றைக்கே வடக்குப் பெண்ணுக்கு போன் பண்ணிச் சொன்னாள். பிறகு தன் வேலை போனாலும் போகட்டும் என்று எங்களிடம் வந்து சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டாள்.

ஹோட்டல்காரர்கள் தூரத்தைக் காரணம் காட்டினார்கள். தூரத்திலிருந்து வருகிறவர்கள் நிலைத்து நிற்க மாட்டார்களாம். அவர்களைவிடத் தூரத்தில், ஆனால் தெருப் பெயரோடு இருந்தவர்களைக் கூப்பிட்டிருந்ததை நான் எடுத்துக் காட்டினேன். தூரம் என்பது சாக்கு, ஒதுக்கியது வம்சத்தை என்றேன். ஒருத்தியைத் தேடிப் போவதற்குத்தான் விலாசம், தள்ளி வைப்பதற்கு அல்ல என்றும் சொன்னேன். தீர்ப்பில் அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். சக ஊழியர் ஒருவர் அதை அச்சடித்துத் தன் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

ஏனென்றால் விசாரணைக்கு முன்னால் ஒன்று நடந்தது. சாட்சியைத் தயார் செய்ய அந்தச் சித்தி மகளை என் அறைக்கு அழைத்திருந்தேன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எப்படியும் கேட்பார் என்பதால் நானே முதலில் கேட்டேன்: நகர விலாசத்தைப் போட்டால் நல்லது என்று உனக்குத் தெரிந்திருக்கிறதே, அதை உன் சகோதரியிடம் சொன்னாயா? அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். சொல்லாமல்? முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன், அவள்தான் என் ஊரை நான் ஏன் மறைக்க வேண்டும் என்று மறுத்துவிட்டாள் என்றாள். பிறகு, இதை யாராவது சொல்லாமல் இருப்பார்களா என்று சாதாரணமாகக் கேட்டாள்.

இருப்பார்கள். ஒருத்தி இருந்தாள். அன்றைக்குச் சித்தி மகளை அரை மணி நேரம் முன்னதாகவே அனுப்பிவிட்டேன்.

3

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா. காம்பரா என்றால் ஒரு குடும்பம் முழுவதும் இருக்கிற ஒற்றை அறை. எங்களுடையது ஏழாவது, புஸ்பராணி வீடு எட்டாவது. நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் புஸ்பா பாடம் படிப்பதைக் கேட்டே நான் பாதிப் பாடம் மனப்பாடம் செய்தேன். அட்டன் டவுனில் இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. அவள் முதலாவது வருவாள், நான் இரண்டாவதோ மூன்றாவதோ. அதில் எனக்குப் பொறாமை இல்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் வீட்டுக்கு வீடு தபால் வராது. எல்லோருக்கும் ஒரே விலாசம்: பெயர், தோட்டத்தின் பெயர், வட்டவளை. கடிதங்கள் பையோடு ஆபிசுக்குப் போகும். கிளாக்கருக்கு நேரமும் மனமும் வரும்போது பிரித்து, காலைப் பெரட்டில் ஆட்களைச் சேர்க்கும்போது பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அன்றைக்கு நீ பெரட்டுக்கு வராவிட்டால் கடிதம் திரும்பவும் மேசைக்குப் போகும். கலியாணக் கடுதாசி கலியாணம் முடிந்து வரும். இதை ஒரு குறையாகக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள், மழை மாதிரி அதுவும் ஒன்று.

கொஞ்சம் விவரமானவர்கள் டவுனில் தெரிந்த கடை விலாசத்தை வாங்கிப் போடுவார்கள். அட்டனில் ஒரு பலசரக்குக் கடை இருந்தது. முதலாளியை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் சாமான் வாங்குவார். உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்க, நானா சரியென்று சொல்லிவிட்டார். எனக்கு வருகிற கடிதங்களைக் கருவாட்டுப் பெட்டிக்கு மேல் தட்டில் வைத்திருப்பார். என் பரீட்சை முடிவு, அனுமதி அட்டை எல்லாம் கருவாட்டு வாசனையோடுதான் கைக்கு வந்தன. ஆனால் வந்தன.

அந்த விலாசம் பிறகு என்னை விடவே இல்லை. அடையாள அட்டையில் அது, சட்டக் கல்லூரியில் அது, கடவுச்சீட்டிலும் அது. அரச ஆவணங்களின்படி நான் ஒரு பலசரக்குக் கடையில் பிறந்து வளர்ந்தவள். கனடாவுக்கு வந்த பிறகு ஏதோ ஒரு படிவம், நிரந்தர விலாசத்தில் வீட்டு இலக்கம் இல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்கே போக விடவில்லை. கணினி சிவப்பு எழுத்தில் திட்டியது. நான் மறுபடியும் நானா கடை இலக்கத்தைத்தான் போட்டேன். உண்மையைச் சொல்ல அந்தப் படிவத்தில் இடமும் இல்லை, சொல்ல எனக்கு மனமும் இல்லை.

4

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

உயர்தரம் முடிந்து, புஸ்பாவும் நானும் அரச எழுதுவினைஞர், அதாவது குமாஸ்தா வேலைக்குப் பரீட்சை எழுதினோம். அவளுடைய அனுமதி அட்டை பரீட்சைக்கு முந்தின நாள் மாலைதான் ஆபிசிலிருந்து வந்தது. நூலிழையில் தப்பினாள். இரண்டு பேரும் சித்தியடைந்தோம். நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வரும் என்றார்கள். எங்கள் பக்கத்துக்கு ஒரே ஓர் இடம்தான் என்று ஒரு பேச்சு அடிபட்டது. உண்மையா பொய்யா என்று தெரியாது. ஒரே இடம் என்றால் அது யாருக்கு என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒருநாள் தண்ணீர்ப் பீலியில் குடம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது புஸ்பா கேட்டாள். விலாசம் மாறிவிட்டது என்று திணைக்களத்துக்கு எழுதிப் போடலாமாம், நானா கடை விலாசத்தை நானும் போட்டுக்கொள்ளட்டுமா, நீ நானாவிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறாயா என்றாள். நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன், சீனி வாங்கினேன், வந்தேன். கேட்கவில்லை. நானா ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கே அப்பாவின் முகத்துக்காகத்தான் விட்டிருக்கிறார் என்று புஸ்பாவிடம் சொன்னேன். கண் இமைக்காமல் சொன்னேன். அவள் சரி விடு என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இது ஒன்றோடு நின்றிருந்தால் சின்ன வயதுப் புத்தி என்று எனக்கு நானே வாதாடித் தப்பியிருப்பேன். வாதாடுவதுதானே தொழில்.

ஒரு திங்கட்கிழமை எனக்குக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை கொழும்பில் நேர்முகப் பரீட்சை. புஸ்பாவுக்கும் அதே தேதியில் கடிதம் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆபிசில் எங்கேயோ கிடக்கும் என்பதும் தெரியும். தேதி தெரிந்தால் போதும், அவள் பரீட்சை இலக்கத்தை எடுத்துக்கொண்டு என்னோடு ரயிலேறியிருப்பாள். யாரும் அவளைத் துரத்தியிருக்க மாட்டார்கள். நான் சொல்லவில்லை. திங்கள், செவ்வாய், புதன், வியாழன். அவள் தினமும் ஆபிஸ் ஜன்னலுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா விசாரிப்பதும், இவள் இன்னும் வரவில்லை என்பதும் எனக்குக் கேட்கும். நான் இந்தப் பக்கம் என் சேலைக்கு ஊசி தேடிக்கொண்டிருந்தேன். கண்டியில் அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை விடியற்காலை கொழும்புக்குப் போனேன்.

அவளுடைய கடிதம் அடுத்த வாரம் பெரட்டில் கிடைத்தது. திணைக்களத்துக்கு அவள் எழுதிய மனுவுக்குப் பதிலே வரவில்லை. எனக்கு வேலை கிடைத்தது. கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டே சட்டக் கல்லூரியில் படித்தேன். அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு வெள்ளிக்கிழமையிலிருந்து வந்தது. புஸ்பா தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனாள். நான் முதல் மாதம் வேலைக்குக் கிளம்பிய அன்று வட்டவளை ஸ்டேசனுக்கு வந்து, ரொட்டியும் சம்பலும் பார்சல் கட்டிக் கையில் கொடுத்தாள். அதை நான் கொழும்பு வரை பிரிக்கவில்லை. கோட்டை ஸ்டேசனில் இறங்கியதும் குப்பைத் தொட்டியில் போட்டேன். சாப்பிட முடியவில்லை.

5

கேக் வெட்டிய அந்த வாரமே டிக்கெட் போட்டேன். என் கணவர் கொழும்புக்காரர். அம்மா போன பிறகு தோட்டத்தில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒரு சிநேகிதி என்றேன். டிசம்பரில் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்குப் பதினைந்து வயது. தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். சாப்பிட்டாயா என்று நான் தமிழில் கேட்பதும் அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வதுமாக எங்கள் வீட்டில் இரண்டு வானொலி நிலையங்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

கினிகத்தேனைக்கு மேலே வளைவுகளில் வாந்தி எடுத்து முடித்து, அட்டனில் இறங்கியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, உன் வீடு எது என்பது. பள்ளிக்கூடத்தில் குடும்ப வரலாறு எழுதச் சொன்னபோது என் பழைய கடவுச்சீட்டைப் பார்த்து விலாசத்தைக் குறித்து வைத்திருக்கிறான். அதைக் கையில் வைத்துக்கொண்டு இலக்கம் பார்த்துக்கொண்டே நடந்தான். நானா காலமாகி வருடங்களாகிவிட்டன. கடையில் இப்போது போன் உறைகள் விற்கிறார்கள். மகன் அதற்கு முன்னால் நின்று படம் எடுக்கச் சொன்னான். மாடியில்தானே இருந்தீர்கள் என்று கேட்டான். நான் படத்தையும் எடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து மறைத்து, கடைசியில் என் பிள்ளைக்கே அந்தச் சோற்றைப் பரிமாறியிருக்கிறேன்.

ஆட்டோவில் போகும்போது சொன்னேன். அந்தக் கடை நம் வீடு இல்லை, கடிதத்துக்காக வாங்கிய விலாசம் என்றேன். அவன் விலாசம் குறித்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். பிறகு ஆங்கிலத்தில், அப்படியானால் என் கட்டுரை முழுவதும் பொய்யா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

6

லயத்தில் புஸ்பா இல்லை. ஆபிசுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் வந்தாள், கையில் ஒரு கட்டுக் கடிதம். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். உள்ளே போய் உட்காரச் சொல்லிவிட்டு, முதலில் லயத்துக்குள் ஒவ்வொரு வாசலாக நின்று கடிதங்களைக் கொடுத்து முடித்தாள். பிறகுதான் வந்து என் கையைப் பிடித்தாள். கொழுந்து பறித்த கை, ரேகையெல்லாம் கறுப்பாக இருந்தது.

அவள் மகள் திவ்யாதான் விவரம் சொன்னாள். மத்தியானம் கொழுந்து எடை போட்டதும் அம்மா சாப்பிடக்கூட வராமல் ஆபிசுக்குப் போய்விடுவாராம். மூன்று லயத்துக் கடிதங்களையும் கேட்டு வாங்கி வருவாராம். பல வருடமாக இப்படித்தானாம். கிளாக்கர்கள் மாறினாலும் அம்மா மாறவில்லை, ஜன்னலில் அம்மா தலை தெரிந்தாலே எடுத்து வைத்துவிடுவார்கள் என்று திவ்யா சிரித்தாள். புஸ்பா சுருக்கமாக ஒன்று மட்டும் சொன்னாள்.

"தேதி போட்ட கடுதாசின்னா வீட்டுல வைக்க மாட்டேன். கொழுந்து பறிக்கிற மலைக்கே கொண்டுபோய் கையில குடுத்துருவேன்."

திவ்யா என் மகனுக்குக் கோயிலும் தொழிற்சாலையும் காட்டக் கூட்டிப் போனாள். புஸ்பா அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். திவ்யா உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பதையும், தன் முழங்கால் வலியையும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. தீர்ப்பாயத்தில் மூன்று மணி நேரம் தொடர்ந்து பேசுகிறவள், இரண்டு வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புஸ்பா, அன்னைக்கு நான் நானாகிட்ட கேக்கவே இல்ல. கேக்காமலே, அவரு ஒத்துக்கலன்னு ஒங்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள். "அந்தக் கடுதாசி பிந்துன பெறகு நானே போய் அவருகிட்ட கேட்டேன். இதுக்கு என்னம்மா கேக்கிறது, தாராளமா போடுங்கன்னாரு. யோகா எங்கிட்ட கேக்கவே இல்லியேன்னும் சொன்னாரு."

எப்போது என்று கேட்டேன். நீ ரயிலேறுவதற்கு முந்தின வாரம் என்றாள். தெரிந்துகொண்டா ஸ்டேசனுக்கு ரொட்டி கட்டிக்கொண்டு வந்தாய் என்று கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, ஏதோ குறுக்கு விசாரணை செய்கிறவள் மாதிரி இருந்தது.

"எங்கம்மா போகாதடின்னாங்க. நம்ம லயத்துலருந்து மொத ஆளு கவுருமெண்டு வேலைக்குப் போகுது, யாராச்சும் வந்து நிக்கணும்ல. அதுக்குத்தான் வந்தேன். ஒனக்காக வரல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எப்போதோ ஆறிப்போன விஷயம் போலத்தான் சொன்னாள். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. இவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே இத்தனை வருடம் நேரிலும் போனிலும் என்னோடு பேசியிருக்கிறாள் என்று நினைத்தேன். அந்தத் தைரியத்தில், மிச்சத்தையும் சொல்லிவிட்டால் முழுக்கச் சுத்தமாகிவிடுவேன் என்ற பேராசையில், மிச்சத்தையும் சொன்னேன். கடிதம் எனக்குத் திங்கட்கிழமையே வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை என்று எனக்குத் தெரியும், மறைத்துவிட்டேன் என்றேன்.

இந்த முறை கை நின்றது. மாவு அப்படியே விரலில் ஒட்டியிருந்தது.

"திங்கக்கெழமையேவா?"

ஆமாம் என்றேன்.

"வியாழக்கெழமைதான் கடுதாசி வந்துச்சு, ஒங்கிட்ட சொல்ல வந்தேன், நீ வீட்டுல இல்லன்னு கொழும்புலருந்து வந்து சொன்னியே?"

அதுவும் பொய் என்றேன். அந்தப் பொய்யை நான் மறந்தே போயிருந்தேன். அவள் ஒவ்வொரு எழுத்தாக வைத்திருந்தாள்.

அவள் அடுப்பையே பார்த்தபடி விரலில் ஒட்டிய மாவை வழித்துச் சட்டியில் போட்டாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

"வெலாசம் குடுக்காதது சரி, அது ஒன் அப்பா கேட்டு வாங்குனது. நான் அதை விட்டுட்டேன். ஆனா நாலு நாளும் நான் அந்த ஜன்னல்ல நின்னேன் யோகா. நீ பாத்துக்கிட்டு இருந்திருக்கே."

மன்னித்துக்கொள் என்றேன். இங்கே கனடாவில் நாங்கள் தினமும் நூறு தடவை சொல்கிற வார்த்தை. வழியில் யாராவது நம்மை இடித்தாலும் நாம்தான் சொல்வோம். அன்றைக்கு அது என் வாயிலிருந்து காற்றாகத்தான் வந்தது.

"இதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

அந்த ஒரு வரி போதும். இத்தனை வருடம் ஆறியிருந்த இடத்தில் நான் புதிதாக ஒரு வெட்டுப் போட்டிருக்கிறேன். என் பாரத்தை இறக்க எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. கொழுந்துக் கூடை சுமந்து தேய்ந்த அதே முதுகைத்தான் தேடிப் பிடித்திருக்கிறேன். இன்றைக்கும் நான் அவளைப் பற்றி நினைக்கவில்லை, என்னைப் பற்றித்தான் நினைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

திவ்யாவின் படிப்புக்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்கிறேன், அட்டனில் என் கணவரின் நண்பர் வீடு இருக்கிறது, அவள் விண்ணப்பங்களுக்கு அந்த விலாசத்தைப் போடலாம் என்று உளறினேன். அவள் தலையை ஆட்டினாள்.

"வேணாம். அவளுக்கு நான் இருக்கேன்."

ரொட்டி சுட்டாள். பிள்ளைகள் வந்தார்கள், எல்லோரும் சாப்பிட்டோம். என் மகன் நான்கு ரொட்டி சாப்பிட்டு, தமிழில் நல்லா இருக்கு என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் தானாக வந்து வருடக்கணக்காயிற்று. புஸ்பா அவனுக்கு இன்னொன்று வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது ஆட்டோ வரை வந்தாள். என்ன சொல்கிறாய் புஸ்பா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இப்ப ஒண்ணும் சொல்ல வரல. யோசிச்சு எழுதிப் போடறேன். ஒன் வெலாசத்தை எழுதிக் குடு" என்றாள்.

போனில் சொல்லலாமே என்றேன். இதையெல்லாம் போனில் பேச முடியாது என்றாள். ஆட்டோவில் வைத்து எழுதிக் கொடுத்தேன்: கதவு இலக்கம், கட்டட இலக்கம், தெரு, நகரம், மாகாணம், தபால் குறியீடு, நாடு. அவள் வரி வரியாகப் படித்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

7

வந்து நாலு மாதத்துக்கு மேலாகிறது. வாட்ஸப்பில் புஸ்பா வழக்கம்போலத்தான். திவ்யாவுக்கு நல்ல பெறுபேறு வந்ததைச் சொன்னாள். கொத்மலைப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போன படம் அனுப்பினாள். மகன் சுகமா என்று கேட்கிறாள். அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்பதில்லை. எழுதாமலே விடுவது என்று அவள் முடிவு செய்திருந்தால் அதற்கும் அவளுக்கு உரிமை உண்டு. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், ஆனால் மனம் கேட்பதில்லை.

மகன் தன் கட்டுரையைத் திருத்தி எழுதி ஆசிரியரிடம் மறுபடி கொடுத்திருக்கிறான். மதிப்பெண் எல்லாம் போட்டு முடிந்துவிட்டதே, எதற்கு என்று ஆசிரியர் கேட்டாராம். பொய்யாக இருந்தது என்று சொன்னானாம். எனக்கு அவனை நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது, அவன் முன்னால் நிற்கக் கூச்சமாகவும் இருக்கிறது.

எங்கள் கட்டடத்தில் தபால் பெட்டிகள் கீழ்த்தளத்தில் சுவரோடு வரிசையாக இருக்கின்றன. வேலை விட்டு வந்ததும், பனிச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் முதலில் அதைத்தான் திறக்கிறேன். பீட்ஸா விளம்பரம், மின்சாரப் பட்டியல், பல் வைத்தியரின் நினைவூட்டல். போன வெள்ளிக்கிழமை நான் விடுப்பு எடுத்திருந்தேன். தபால்காரப் பெண் பெட்டிகளை நிரப்பிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். இலங்கையிலிருந்து எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டேன். அவள் கையிலிருந்த கட்டைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு இல்லை, திங்கட்கிழமை பாருங்கள் என்றாள்.

மாடிக்கு ஏறி வந்து உட்கார்ந்தேன். புஸ்பா கேட்ட அதே கேள்வி. அவள் நாலு நாள் கேட்டாள், நான் நாலு மாதமாகக் கேட்கிறேன். என்றாலும் நான் கொடுத்து வைத்தவள். பக்கத்துக் காம்பராவில் பதில் தெரிந்த ஒருத்தி வாயை மூடிக்கொண்டு ஊசி தேடிக்கொண்டிருக்கவில்லை.